கப்பலூர் சுவரில் கோட்டுப் போட்ட ஆள்

நான் வேலை பார்க்கும் அறையில் பேனா எழுதாது. மஸ்கட்டில் வெயில் அடிக்கிற அடியில் வெளியே தார் ரோடு இளகிக் கிடக்கும். ஒரு கதவைத் திறந்து உள்ளே போனால் மூக்குக்குள் இருக்கும் ஈரம்கூட உறைந்துவிடும். உறைந்த கோழியையும் மீனையும் அடுக்கி வைக்கும் குளிர்கிடங்கு அது. தொடை வரை தொங்கும் தடித்த நீலக் கோட்டு, காதை மூடும் குல்லா, இரண்டு அடுக்குக் கையுறை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெட்டியின் மேல் குறித்து வைக்கப் பேனாவை எடுத்தேன். மை வரவில்லை. எங்கள் ஓமானி சூப்பர்வைசர் "கலம் மாஃபி" என்றார். பேனா இல்லையா என்று கேட்டுத் திட்டுகிறார் என நினைத்துச் சட்டைப்பையிலிருந்து இன்னொரு பேனாவை எடுத்து நீட்டினேன். இந்தக் குளிரில் பேனா வேலைக்காகாது என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போது என் பின்னால் இருந்து ஒரு கை பென்சிலை நீட்டியது. "பென்சிலுக்குக் குளிரெல்லாம் தெரியாது மாப்ள. எந்த ஊரு நீயி?" செல்லப்பாண்டியின் குரலைத்தான் நான் முதலில் கேட்டேன். பார்த்தது பிறகுதான். குல்லாவுக்குள் அவன் கண் மட்டும்தான் தெரிந்தது.

அவனுக்கு மதுரைக்கு அருகே கப்பலூர். தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தவன். கம்பெனியை மூடியதும் இங்கே வந்துவிட்டான். எனக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம். பசுமலையில் விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தேன். அங்கே தமிழ் வாத்தியார் ஒருநாள் என் கட்டுரையை வகுப்பில் சத்தமாக வாசித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததில், விழுந்த பென்சிலைத் தேடுகிறவன் போல பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொண்டேன். அன்று குனிந்தவன் இன்றைக்கும் சரியாக நிமிரவில்லை. நான் எழுதுவது என் மனைவிக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. பத்திரிகைகளுக்கு அனுப்புவேன், பதில் வராது. கிழித்த கோழிப் பெட்டி அட்டையின் உள்பக்கத்தில் எழுதுவது என் வழக்கம். ஒரு நாள் பாண்டி அதைப் பிடித்துவிட்டான்.

"என்னடா இது, லவ் லெட்டரா? இந்த வயசுல ஒடம்பு தாங்குமா மாப்ள?"

பிடுங்கி வாசித்தான். வாசித்து முடித்ததும் சிரிக்கவில்லை. மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, "அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணு வேணும்" என்றான். அதற்குப் பிறகு விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைதோறும் அவன் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்வான், நான் அட்டையை நீட்ட வேண்டும். எனக்கு இருந்த ஒரே வாசகன் அவன். பக்கத்து நாடுகளில் சண்டை என்று செய்தி வந்து, சரக்குக் குறைந்து, எங்களில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பிய நாட்களில் நான் எழுதுவதை விட்டுவிடுகிறேன் என்றேன். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவனுக்குக் கதை எதற்கு என்று கேட்டேன். அவன், "நீ எழுதாட்டி வெள்ளிக்கிழமைக்கு நான் என்னத்தடா வாசிக்கிறது? கோழி டப்பாவுல எக்ஸ்பைரி டேட்டையா?" என்றான். நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

ஒரு காலையில் வேலைக்குப் போகும் வண்டி வந்து ஹாரன் அடித்தது. எப்போதும் முதல் ஆளாக ஏறுகிறவன் ஏறவில்லை. அறைக்குத் திரும்பிப் போய் எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுபோயிருந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். அன்றைக்கும் நான் வேலைக்குப் போனேன். கோட்டை எடுக்கக் கை நீட்டியபோது பக்கத்து ஆணியில் அவனுடைய கோட்டு தொங்கியது. ஆள் உள்ளே இருப்பதைப் போல அதன் தோள் இரண்டும் விரிந்தே இருந்தன. அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. உடலை ஊருக்கு அனுப்பக் காகிதங்கள் முடியவில்லை, விமானமும் சரியாகக் கிடைக்கவில்லை. நாட்கள் தள்ளிக்கொண்டே போயின. பென்சிலை நான் தொடவில்லை.

அப்போதுதான் மதுரையிலிருந்து சரவணன் போனில் கூப்பிட்டான். பாண்டியின் கூட்டாளி, ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன். எங்கள் மதுரைப் பக்கத்தில் ஓர் ஆள் செத்துப்போனால் சுவரில் போஸ்டர் ஒட்டாமல் சாவு முழுமையாகாது. அதில் இறந்தவர் படம் பெரிதாக மேலே இருக்கும். அதோடு நிற்பதில்லை, அழுகிறவர்கள் படமும் வரிசையாகக் கீழே இருக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். நமக்கு அதுதான் மரியாதை.

"அண்ணே, பாண்டி அண்ணன் ஒங்களப் பத்திச் சொல்லாத நாளில்ல. நாலு வரி எழுதிக் குடுங்க. நம்ம கடையில இருக்கிற வரியெல்லாம் எல்லாச் சாவுக்கும் போட்டு நைஞ்சுபோச்சு."

"எனக்கு இப்ப எழுத வராதுப்பா."

"எழுத்து வராட்டிப் பரவால்ல, ஒங்க போட்டோவையாச்சும் அனுப்புங்க. கீழ நீங்க இல்லாம எப்பிடிண்ணே? பெறகு அவரு ஆவி எங் கடையத்தான சுத்தும்!"

என் படத்தைப் பொதுவில் போட நான் ஒருபோதும் சம்மதித்தவனில்லை. பாண்டிக்காகச் சம்மதித்தேன். குளிர்கிடங்கு வாசலில் கோட்டோடு நிற்கும் படம் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. பாண்டியின் படம், கூலிங் கிளாஸ் போட்டுக் கடற்கரையில் சிரித்துக்கொண்டிருப்பது. இரண்டையும் அனுப்பினேன். அன்று சாயங்காலம் பென்சிலும் என்னையறியாமல் ஓடியது.

குளிரிலிருந்து வெளியே வந்தவன்
கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.
கோட்டு மட்டும் ஆணியில் தொங்குகிறது,
அவன் தோள் அகலத்தில்.

அதையும் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அவன் போன பிறகு நான் ஒழுங்காகத் தூங்கியது அன்றுதான்.

மறுநாள் மதியம் குளிருக்குள்ளிருந்து வெளியே வந்து, லாக்கரில் வைத்திருந்த போனை எடுத்தேன். உள்ளே கொண்டுபோனால் போன் செத்துவிடும் என்பதால் வெளியேதான் வைப்போம். எடுத்ததும் அது கையில் துடித்தது. திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். என் மனைவிதான் மறுபடி மறுபடி கூப்பிட்டிருந்தாள். இப்போது துடித்ததும் அவள்தான்.

"எங்கங்க போனீங்க? வாசல்ல நின்னு சனமே அழுகுது. நாஞ் சொல்லுறேன், காலையில பேசுனாருன்னு. ஒருத்தரும் நம்பமாட்டேங்கிறாக. ஒங்க பெரியம்மா என் பொட்ட அழிக்க வந்துருச்சு!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு வாட்ஸப்பைத் திறந்தேன். யாரோ ஸ்டேட்டஸில் வைத்திருந்த போஸ்டர். 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே, மாலைக்கு நடுவில், கோட்டுப் போட்டுக்கொண்டு நான். கீழ் வரிசையில் அழுகிறவர்களுக்கு மத்தியில் கூலிங் கிளாஸோடு பாண்டி. பெயர்களும் படத்தோடு சேர்ந்து இடம் மாறியிருந்தன. நான் எழுதிய நாலு வரி எனக்கே எழுதியதாக நின்றது.

குளிரில் இருந்து வெயிலுக்கு வந்தால் உடம்பு சட்டென்று வேர்க்கும். எனக்கு அன்று வேர்க்கவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். நம்புங்கள், கிள்ளியும் பார்த்தேன். சூப்பர்வைசர் என் தோள் வழியாக எட்டிப் போனைப் பார்த்தார். பெரிய படம், மாலை, கீழே தொண்டர்களைப் போல வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மப்ரூக்! மப்ரூக்! எலக்‌ஷன்?" என்று வாழ்த்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் தேர்தலில் நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு அரபியும் வரவில்லை, இந்தியும் வரவில்லை. நான் தலையை ஆட்டி வைத்தேன்.

அந்த நேரத்தில் மறுபடி போன் அடித்தது. மாரி. பாண்டியின் மனைவி.

"ஹலோ" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"யாரு?"

"நாந்தாம்மா, அழகுராசா."

"அண்ணே... நீங்களா பேசுறீக?"

"ஆமாம்மா."

"நல்லா இருக்கீகளா?"

"இருக்கேம்மா."

பிறகு, கணக்கில் ஏதோ பிசகு என்று தெரிந்துகொண்டவளைப் போல மெதுவாகச் சொன்னாள். "அப்ப அவரு இல்லதாண்ணே."

போனை வைத்துவிட்டாள். ஒரு மனுசி என் குரலைக் கேட்டதும் அவளுக்குப் புருசன் இரண்டாவது தடவை செத்துப்போனான். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதே ஒருத்திக்குச் சாவுச் செய்தியாக முடியும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சரவணன் போனில் அழுதான். அவசரத்தில் வேலையாள் மாற்றிப் போட்டுவிட்டானாம். அன்றைக்கே சரியான போஸ்டரை அடித்துப் பழையதன் மேல் ஒட்டிவிட்டார்கள். சில நாளில் பெட்டிக்குள் பாண்டியும் ஊர் போய்ச் சேர்ந்தான். நான் சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்துக் குப்பையில் போட்டேன். அட்டைகளையும் போட்டேன். எழுத்து என்றாலே அந்தப் போன் பேச்சுத்தான் காதில் கேட்டது.

மாதங்கள் கழித்து எனக்கு லீவு கிடைத்தது. மாரியைப் பார்க்காமல் இருக்க முடியுமா? பயந்துகொண்டேதான் போனேன். கப்பலூரில் இறங்கியதும், எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யோசிக்க ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். டீ மாஸ்டர் என்னைப் பார்த்தார். கையில் தூக்கிய டீ அப்படியே அந்தரத்தில் நின்றது.

"யாத்தே! நீங்க அந்த வக்கீலுதான?"

"வக்கீலா?"

"செத்துப்போன வக்கீலு! கோட்டப் போட்டு போஸ்டர்ல இருந்தீகளே. ஆணியில கோட்டு தொங்குதுன்னு எழுதி... அம்புட்டுப் பேரும் நின்னு படிச்சாங்கண்ணே. பாவம், கோர்ட்டுக்குப் போற வழியில போயிட்டாருன்னு நானே நாலு பேருகிட்டச் சொன்னேன்."

பெஞ்சில் இருந்த இன்னொருவர், "வக்கீலுன்னா சும்மாவா, செத்தும் ஜாமீன்ல வந்துட்டாரு" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்று திடுக்கிட்டுப்போனது. மதுரையில் யார் கோட்டுப் போடுவார்? வக்கீல் போடுவார், மாப்பிள்ளை போடுவார். நாங்கள் போட்டிருந்தது எதற்கென்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருசம் என்ன செய்தோம் என்றே இந்த ஊருக்குத் தெரியாது.

மாரி தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். அன்று லீவு போட்டிருந்தாள். தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணே. அன்னைக்கு வேலைக்குப் போறப்ப சுவத்துல பாத்தேன். கீழ சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. சேதி மாறி வந்துருச்சு, போனது நீங்கதான்னு நெனச்சேன். அவரு நம்பருக்குப் போட்டுக்கிட்டே இருந்தேன். எடுக்கலன்னதும், அவருதான் எடுப்பாருன்னு ஒங்க நம்பருக்குப் போட்டேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு அம்புட்டுச் சந்தோசம். ஒங்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வரலண்ணே. ஒங்க வீட்டம்மா மொகம்கூட ஞாபகத்துக்கு வரல."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

"நான் எழுதியிருக்கக் கூடாதும்மா. இனிமே எழுதமாட்டேன்."

"ஏண்ணே, போட்டோவ மாத்துனது எழுத்தா? அந்தக் கடைக்காரன வையிறத விட்டுட்டு எழுத்த வையிறீக?" குரல் கொஞ்சம் ஏறியது. "அது என்னண்ணே கோட்டு? போன்ல குளிருது குளிருதும்பாரு. வெயிலடிக்கிற ஊருல என்னய்யா குளிருன்னு நான் சிரிப்பேன். வெளாட்டுக்குச் சொல்றாருன்னே நெனச்சேன். எம்புட்டுக் குளிரு அது?"

கையுறையைக் கழற்றினால் விரல் இரும்பில் ஒட்டிக்கொள்ளும் என்றேன். வெளியே வந்ததும் பாண்டி முதலில் இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு குதிப்பான் என்றேன். பேனா எழுதாது, பென்சில் எழுதும், அதைக் கண்டுபிடித்தது அவன்தான் என்றேன். எனக்குப் பேச்சு கோவையாக வராது. பாதியில் நின்றுவிட்டது. அவள் காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"ஒங்களுக்குப் பேச வராதுன்னு அவரே சொல்லியிருக்காரு. எழுதுங்கண்ணே. எம் புருசன் அங்க என்னதான் செஞ்சாருன்னு எனக்குத் தெரியணும். போஸ்டர்ல இருந்த வக்கீலு யாருன்னு கேக்குறவுககிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

என்னைப் போல மறைவில் எழுதிக்கொண்டிருக்கிற ஆட்கள் இங்கே மஸ்கட் லேபர் கேம்புகளில் இருப்பார்கள். அவர்களுக்கு அறிவுரை சொல்கிற படிப்பு எனக்கு இல்லை. மனசு சரியாகட்டும், பிறகு எழுதுவோம் என்று நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். அது சரியாகவில்லை, இப்போதும் சரியில்லை. அன்றைக்குப் போனில் கேட்ட மாரியின் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒருத்தி காத்திருக்கிறாள். எழுத அப்படி ஓர் ஆள் போதுமாக இருக்கிறது. பாண்டி இருந்தவரை பாண்டி. இப்போது மாரி. எழுதி முடித்ததைப் படம் எடுத்து அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமைதோறும். "எழுத்து புரியல, பெருசா எழுதுங்க" என்று பதில் வருகிறது. பத்திரிகைகளிலிருந்து எனக்கு இவ்வளவுகூட வந்ததில்லை.

அன்று மாரியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பப் பஸ்ஸுக்குப் போகும் வழியில் அந்தச் சுவரைப் பார்த்தேன். மேலே ஒட்டிய போஸ்டர் வெயிலிலும் மழையிலும் பாதி உரிந்திருந்தது. நெற்றியும் கூலிங் கிளாஸும் பாண்டியுடையவை. மூக்குக்குக் கீழே காகிதம் கிழிந்து, அடியிலிருந்து என் வாயும் கோட்டுக் காலரும் வெளியே வந்திருந்தன. இரண்டும் சேர்ந்து ஒரே ஆளாக நின்றன. இப்போது எந்த அளவுக்கு உரிந்திருக்கிறதோ தெரியாது. இங்கே கிடங்கில் அவன் கோட்டு இருந்த ஆணியில் வேறொருவன் கோட்டு தொங்குகிறது. விரல் விறைத்துப் பென்சில் நழுவும்போது, கப்பலூர் வெயிலில் கழுத்து வரை கோட்டை மாட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நிற்கிற அந்த ஆளை நினைத்துக்கொள்வேன். அவனுக்கு அங்கே எப்படி வேர்க்குமோ!