அரக்குக்கும் தக்காளிக்கும் நடுவில் ஒரு திருகு

ஆரணியில் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் கடை ஒன்றில் நான் வேலை செய்த காலத்தில், எனக்கும் முதலாளிக்கும் தினமும் ஒரே சண்டைதான். மானிட்டரின் அடியில் பிரைட்னஸுக்கு ஒரு திருகு இருக்கும். காலையில் வந்ததும் நான் அதை முழுசாக ஏற்றுவேன். கட்டம் கட்டமாகப் பூ வரைகிறவளுக்குக் கண் தெரிய வேண்டாமா? நான் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அவர் இறக்கிவிடுவார். வெளிச்சம் கூடினால் உள்ளே இருப்பது சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பது அவர் கட்சி. "தீர்ந்துபோறதுக்கு இது இன்னா மண்ணெண்ணெய் விளக்கா?" என்று கேட்டால், "நீ வாங்கி வெச்சியா?" என்பார். மறுநாள் காலையில் நான் மறுபடி ஏற்றுவேன்.

இந்தச் சண்டை என் கல்யாணத்தில் வந்து நின்றது.

எனக்குப் பார்த்த மாப்பிள்ளை போளூர்க்காரர். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. மாமியாராக வரப்போகிறவர் எங்கள் கடைக்கே வந்துவிட்டார். நான் சாப்பிடப் போயிருந்தேன். முதலாளி இறக்கி வைத்திருந்த வெளிச்சத்தில், திரையில் ஒரு சிவப்பைப் பார்த்து, "இதான் அரக்கு, இதே கலர்தான் வேணும்" என்று சொல்லியிருக்கிறார். கூடவே, "கலர் மாறுச்சுன்னா சகுனம் சரியில்லன்னு அர்த்தம். அப்புறம் கல்யாணத்தப் பத்தி யோசிக்கணும்" என்றும்.

நூல் சாம்பிளைக் காட்டியிருந்தால் ஒரு பேஜாரும் இல்லை. கம்ப்யூட்டர் கடையாயிற்றே, கௌரவம். மறுநாள் சாயக்காரரை வரவழைத்துத் திரையைக் காட்டினோம். அது காலை நேரம், வெளிச்சம் என் ஆட்சி. மனிதர் கண்ணை இடுக்கி ஐந்து நிமிடம் பார்த்தார். கண்டதை வஞ்சனை இல்லாமல் நூலில் இறக்கினார்.

தறியில் பாதி ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, புடவை பழுத்த தக்காளி. கொஞ்சமாவது கறுக்குமா என்று தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது புடவை இறங்கியது. இன்னொன்று நெய்ய நாளில்லை. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது, அதை வெளியே சொல்லவும் முடியாது.

மாமியார் வந்து புடவையைப் பிரித்தார். "இன்னா கலர் இது?"

"கம்ப்யூட்டர்ல இருந்ததுதாம்மா" என்றார் சாயக்காரர்.

திரையைப் போட்டோம். நான் திருகை ஏற்றினேன். திரையும் புடவையும் ஒன்றாக இருந்தன. "அன்னிக்கு இப்படி இல்லியே" என்றார் மாமியார். முதலாளி இறக்கினார். "தோ, இதான் நான் சொன்னது." சாயக்காரர் மறுபடி ஏற்றினார். மூன்று பேரும் மாறி மாறித் திருக, என் கல்யாணம் அந்தத் திரையில் நடப்பதும் நிற்பதுமாக இருந்தது.

மாமியார் புடவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். "அப்போ கலர் சரியாத்தான் இருக்குது. வெளிச்சம்தான் ஜாஸ்தி."

"அதத்தாங்க நானும் தினம் சொல்லிகினு இருக்கேன்" என்றார் முதலாளி. முதல்முறையாக அவர் கட்சிக்கு ஓர் ஆள் சேர்ந்திருந்தது.

புடவையைத் தெருவுக்குக் கொண்டுவந்து விரித்தோம். மூன்று மணி வெயிலில் தக்காளி இன்னும் பழுத்தது. மாமியார் அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். "கொஞ்சம் கம்மி ஆவட்டும்" என்று கடைப் படியில் உட்கார்ந்தார். வேறு வழி? நாங்களும் உட்கார்ந்தோம். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "இன்னாங்க, எல்லாரும் உக்காந்துகினு இருக்கீங்க?" என்றார். "வெயிலுக்குப் பிரைட்னஸ் கம்மி ஆவணும்ப்பா" என்று முதலாளி வெட்கமே இல்லாமல் சொன்னார். அந்த ஆளும் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்றார்.

ஆறு மணி தாண்டியதும் புடவை மெல்லக் கறுத்து அரக்கானது. "இதான்" என்று மாமியார் எழுந்தார். "முகூர்த்தம் விடிகாலைலதானே? அப்பவும் இதே வெளிச்சம்தான் இருக்கும்." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கல்யாணம் கோயில் மண்டபத்தில். இருள் பிரியவில்லை, ஒரு மங்கின பல்பு மட்டும். ஐயர் தாலியை எடுத்த நேரம் வீடியோக்காரர் தன் பெரிய லைட்டைப் போட்டார். நான் சட்டென்று தக்காளியானேன்.

"லைட்ட அணைப்பா" என்றார் மாமியார்.

"இருட்டுல எப்படிம்மா எடுக்கறது?"

"அணைன்றேன்ல."

அவர் அணைத்தார். தாலி ஏறியது.

ஒரு மாதம் கழித்து கேசட் வந்தது. குடும்பமே டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். தாலி கட்டும் இடம் வந்ததும் திரை இருண்டது, மேளச் சத்தம் மட்டும் கேட்டது. என் கணவர் எழுந்துபோய் பிரைட்னஸைக் கடைசிவரை ஏற்றினார். சாம்பலாக இரண்டு தலைகள் அசைந்தன. அதில் எது நான் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு தடவைதான் கல்யாணம், அதுவும் இப்படியா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமியார் டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல் என் கையைத் தட்டினார். "பாத்தியா? அதே அரக்கு."