நீர்மாலைக்கு ஒரு குடம்

அண்ணனின் மில்லுக்கு மானியம் கிடைக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அங்க எந்த சாமி இருக்குலே?"

எங்கள் ஊரில் மானியம் என்றால் கோயில் நிலம். விளக்கு ஏற்றுகிறவருக்கு, மேளம் அடிக்கிறவருக்கு, பூ கட்டுகிறவருக்கு என்று பழைய நாளில் எழுதிவைத்த வயல். நெல் அவிக்கிற மில்லுக்கு எதற்கு மானியம் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. அண்ணன் பொறுமையாகச் சொன்னான். மில்லிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு பிளான்ட் கட்டினால், அந்தச் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் திருப்பித் தரும்.

"அழுக்காக்குனவனுக்குக் கூலி குடுத்து அலசச் சொல்லுகா. கொள்ளாமே, நல்ல ஏற்பாடுதான்," என்றாள் அம்மா.

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை.

நான் கல்யாணமாகி நாகர்கோவிலில் இருக்கிறேன். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவைப் பார்க்கப் போய்விடுவேன். மில் அப்பா தொடங்கியது. வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோப்பு, அதைத் தாண்டி மில், மில்லுக்குக் கீழே குளம். அப்பாவுக்குப் பிறகு அண்ணன்தான் எல்லாம்.

அரிசி களைந்த தண்ணீரை எங்கள் வீடுகளில் யாரும் கீழே கொட்டமாட்டோம். அது கழனி. தொட்டியில் சேர்த்துவைத்து மாட்டுக்குக் காட்டுவோம். மாடு முகத்தை முக்கி உறிஞ்சிக் குடிக்கும். நெல் ஊறிய தண்ணீரும் அதே சாதிதானே என்று அப்பா நினைத்தார், அண்ணன் நினைத்தான், நாங்கள் எல்லோருமே நினைத்தோம். சாயப்பட்டறை, தோல் பதனிடுகிற இடம் என்றால் பயந்திருப்போம். நெல்லிலிருந்து என்ன விஷம் வந்துவிடப்போகிறது? ஊறப்போட்ட தொட்டியைத் திறந்துவிட்டால் புளித்த மஞ்சள் தண்ணீர் ஓடையில் இறங்கிக் குளத்தில் போய்ச் சேரும். மில் சின்னதாக இருந்தவரை குளம் அதைத் தாங்கிக்கொண்டது. அண்ணன் புதிய தொட்டிகள் கட்டி மில்லைப் பெரிதாக்கிய பிறகு தாங்கவில்லை. முதலில் நாற்றம் வந்தது. பிறகு ஒரு கோடையில் மீனெல்லாம் வயிறு வெளுத்து மிதந்தன. எவனோ நஞ்சு கலக்கிவிட்டான் என்று ஊரே பேசியது. அண்ணனே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். என்னத்தைச் சொல்ல.

அவனை நடிப்புக்காரன் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அவனைத் தெரியும். உண்மையாகவே கோபப்பட்டுத்தான் போனான். அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு ஆட்கள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப்போனார்கள். நோட்டீஸ் வந்தது. அதைப் படித்த அன்று அவன் சாப்பிடவில்லை என்று மைனி, அண்ணனின் மனைவி, போனில் சொன்னாள். மைனி திருவட்டாறு பக்கத்துக்காரி, தண்ணீரை வெள்ளம் என்பாள். "நெல்லு ஊறுன வெள்ளம் அழுகிக் கொளத்துல உள்ள காத்தையெல்லாம் தின்னுபோடுமாம். மீனு மூச்சுமுட்டிச் செத்துதாம். அதையே சொல்லிச் சொல்லி இருக்காரு," என்றாள்.

அம்மா கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தக் குளத்தில்தான் குளித்தாள். வீட்டுக்குள் குளிமுறி கட்டிய பிறகும் போனாள். காய்ச்சலோடும் போவாள், திட்டினால் காதிலேயே வாங்கமாட்டாள். உடம்பெல்லாம் தடித்து அரிக்கத் தொடங்கியபோதும் விடவில்லை. கடைசியில் ஒரு நாள் படித்துறையில் காலை வைத்தவள் கொழகொழவென்று எதையோ மிதித்து, அப்படியே திரும்பி வந்துவிட்டாள். அன்றிலிருந்து போர் தண்ணீர்தான். "சொப்புல அள்ளுன கணக்கா மேல ஊத்துகேன். குளிச்சமாதிரி இல்ல," என்பாள். யார் மேலும் குற்றம் சொல்லமாட்டாள். அது எனக்கு எரிச்சலாக இருக்கும். மகனைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டால் என்னவாம்?

அவள் கேட்டது வேறு. இருதயம் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"மக்கா, எனக்கு நீர்மாலை நம்ம கொளத்துல இருந்துதான் எடுக்கணும், கேட்டியா? போர் தண்ணியில குளிப்பாட்டி அனுப்பிராத," என்றாள் அண்ணனிடம்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் மகன்மாரும் சொந்தக்காரர்களும் குளத்துக்கோ ஆற்றுக்கோ போய் முங்கிக் குளித்து, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் மொண்டு, தலைக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு, சங்கு ஊதி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அந்தத் தண்ணீரில்தான் இறந்தவரைக் குளிப்பாட்ட வேண்டும். அதுதான் நீர்மாலை. அப்பாவுக்கு அந்தக் குளத்திலிருந்துதான் எடுத்தோம்.

அண்ணனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அதுக்கு இப்பம் என்ன அவசரம்?" என்றான்.

"எனக்கு என்ன அவசரம். கொளத்தப் பாத்துதான் சொல்லுகேன்," என்றாள் அம்மா.

அதற்குப் பிறகுதான் அவன் மானியத்துக்கு அலையத் தொடங்கினான். நோட்டீஸ் பயம் ஒரு பக்கம், அரசாங்கம் பாதி சுமையை வாங்கிக்கொள்கிறது என்கிற தைரியம் ஒரு பக்கம். ஆனால் அவன் ஓடிய ஓட்டம் இந்த இரண்டுக்காக மட்டும் ஓடியதில்லை. நாகர்கோவிலில் அரசு அலுவலகங்களில் வேலை முடிந்தால் என் வீட்டுக்கு வந்து காபி குடிப்பான். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். "வெயிலு தாழ்ந்த பெறவு போயேன்" என்றால், "இல்லட்டி, மழைக்கு முந்தி தொட்டி கட்டி முடிக்கணும்" என்பான்.

கட்டினான். வரிசையாகத் தொட்டிகள், சுண்ணாம்பு கலக்க ஒன்று, காற்றை ஊதுவதற்கு மோட்டார், மண்டி அடியில் தங்குவதற்கு ஒன்று, கடைசியில் மணல் வடிகட்டி. பார்வையிட ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். சின்ன வயது, மரியாதையான பேச்சு. அன்று நானும் இருந்தேன். எல்லாம் பார்த்து முடித்து, நன்றாக ஓடுகிறது, மானியத்துக்கு எழுதிவிடுகிறேன் என்றார். அண்ணன் அவரைக் குளக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"மேடம், இதுக்கு என்ன வழி?"

அவர் கரையில் நின்று பார்த்தார். தண்ணீர் தெரிந்த இடமெல்லாம் கறுப்பாக இருந்தது. மற்ற இடத்தில் ஆகாயத்தாமரை.

"சார், இந்தத் திட்டம் இனிமே நீங்க வெளிய விடப்போற தண்ணிக்குத்தான். இதுவரைக்கும் விட்டதுக்கு இதுல இடம் இல்ல. குளம் வேற துறை. அங்க மனு குடுத்துப் பாருங்க," என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அது நல்ல கணக்கா இருக்கே" என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. பாவம், அவர் என்ன செய்வார். திட்டத்தை எழுதினவர் அவரா?

மானியம் வந்தது. சொன்னபடியே வந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்ணன் மோட்டாரை ஒரு நாளும் நிறுத்தவில்லை. கரண்ட் பில்லைப் பார்த்து மைனி முனகினால், "சும்மா கெட" என்பான். தோப்பு வழியே நடக்க முடியாத அம்மாவை, ரோடு சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டினான். கடைசிக் குழாயிலிருந்து தண்ணீர் தெளிவாக விழுந்துகொண்டிருந்தது. அம்மா கையை நீட்டிப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. அப்பம் இனி குளிக்கலாமா?"

"வாற மழையோட சரியாயிரும்மா. புதுத்தண்ணி எறங்குனா பழசு போயிரும்லா."

அவன் அதை நம்பித்தான் சொன்னான். நானும் நம்பினேன். மழை வந்தது, குளம் நிறைந்தது, கொஞ்ச நாள் தண்ணீர் பழுப்பாக, பார்க்கச் சாதாரணமாக இருந்தது. அம்மா கட்டிலில் இருந்தபடியே தினமும் விசாரித்தாள். மழை நின்று வெயில் ஏறினதும் அடியில் கிடந்ததெல்லாம் குமிழிவிட்டு மேலே வந்தது. பழைய நாற்றம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அம்மாவுக்கு மூக்கு இருக்கிறதல்லவா. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

தூர்வார அண்ணனே செலவு செய்கிறேன் என்றான். அதற்கும் அனுமதி வேண்டும். ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டினார்கள். அங்கே போனால், அள்ளுகிற சேற்றை எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டார்கள். நல்ல குளத்து வண்டல் என்றால் வயல்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். இதை எல்லோருமே வேண்டாம் என்றார்கள். "ஒனக்கு மானியம் கெடச்சாச்சு, பின்ன என்ன?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். இவன் மனுவை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

கோடை மழைக்கு முன்னால் அம்மா போய்விட்டாள். விடியக்காலம், தூக்கத்தில். அனுமதி இன்னும் வந்திருக்கவில்லை.

நீர்மாலைக்குப் புறப்படும் நேரம் வந்தபோது சித்தப்பாதான் பேச்சைத் தொடங்கினார். "மோட்டாரப் போட்டு முற்றத்துலேயே குளிச்சு எடுத்துருவோம். இப்பம் எல்லாரும் அப்பிடித்தான் செய்யா." யாரும் மறுக்கவில்லை. அண்ணன் குடத்தை எடுத்துக்கொண்டு வாழைத்தோப்பு வழியே இறங்கிவிட்டான். மற்றவர்களும் பின்னால் போனார்கள். கரையிலேயே நின்றுவிட்டார்களாம். அவன் மட்டும் ஆகாயத்தாமரையைக் கையால் விலக்கி இறங்கி, மூன்று முறை முங்கினானாம். இது சித்தப்பா பிறகு சொன்னது.

சங்குச் சத்தம் வாசலுக்கு வருவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. அம்மாவை பெஞ்சில் கிடத்தி, பெண்கள் சுற்றி நின்றோம். பக்கத்தில் பெரிய அண்டாவில் போர் தண்ணீரும் வைத்திருந்தோம். மைனி சேலைத்தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோய், பிறகு வெட்கப்பட்டு எடுத்துவிட்டாள். அண்ணன் குடத்தோடு வந்து நின்றான். தலைமுடியில் பாசி ஒட்டியிருந்தது.

"அண்ணே, இது வேண்டாம்," என்றேன்.

"அவதான்ட்டி கேட்டா."

"அவ கேட்டது இந்தத் தண்ணிய இல்ல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். ஆனால் சொன்னதில் தப்பில்லை. என் அம்மாவின் முகத்தில் அதை ஊற்றுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நீர்மாலைக் குடத்தைக் கீழே வைக்கக்கூடாது என்பார்கள், அதனால் அவன் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றான். நாங்கள் போர் தண்ணீரில் அம்மாவைக் குளிப்பாட்டினோம். மஞ்சள் தேய்த்தோம். எல்லாம் முடிகிற வரைக்கும் அவன் நின்றான்.

கடைசியில் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டான். "ஏட்டி, கால்ல மட்டும் கொஞ்சம் விடட்டா?"

ஐம்பது வயது தாண்டிய ஆள். மில் முதலாளி. என்னிடம் அனுமதி கேட்கிறான். சரி என்று தலையை ஆட்டினேன்.

மெதுவாகச் சரித்து அம்மாவின் பாதத்தில் ஊற்றினான். மஞ்சள் பூசிய காலில் கறுப்பாகக் கோடு கோடாக இறங்கியது. அவன் பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தான். துடைக்கத் துடைக்கக் கறுப்பு பரவிற்று. அந்தத் துண்டும் அதே குளத்தில் முங்கியதுதானே. அது அவனுக்கு உறைக்கவில்லை, விரலிடுக்கையெல்லாம் விடாமல் துடைத்துக்கொண்டே இருந்தான். நான் துண்டை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். மைனி அண்டாவிலிருந்து ஒரு செம்பு மொண்டு நீட்டினாள். அதை வாங்க அவனுக்குக் கை வரவில்லை. நான்தான் வாங்கி, அம்மாவின் காலைக் கழுவிவிட்டேன்.