நாலாம் பெட்டுக்குத் தூக்க ஊசி

நம்பாவிட்டால் எனக்கு நஷ்டமில்லை. போன ஆவணியில், நாமக்கல்லில் நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில், பட்டப்பகலில் நடந்தது இது. நான் டாக்டர். இல்லாததை எழுத எனக்கு நேரமில்லை.

மாதம் ஒருமுறை வார்டு டாக்டர்களுக்குப் புதிய சிகிச்சை முறைகள் பற்றி வகுப்பு நடக்கும். வகுப்பாம்! மருந்துக் கம்பெனி பிரியாணி போடும். தின்றுவிட்டுத் தூங்குவார்கள். அன்று பேசியவர் டாக்டர் வளவன். யாரோ தயாரித்த ஸ்லைடை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"வயசானவங்க திடீர்னு குழம்பிக் கத்துனா, உடனே தூக்க ஊசி போடாதீங்க. ஏன் கத்துறாங்கன்னு பாருங்க. சிறுநீர் அடைச்சிருக்கலாம்..."

இதைச் சொல்ல ஒரு வகுப்பு! வார்டில் முப்பது கிழங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இவரா போய் உட்காருவார்?

மணி 2:40. நர்ஸ் தனப்பிரியா போனில் கூப்பிட்டாள்.

"மேடம், நாலாம் பெட் சடையன் ஐயா ஒரே கத்தலுங்க."

"தூக்க ஊசி போடு."

போனை வைத்தேன்.

ட்டக்... ஏசி நின்றது.

பின்னால் ஒரு குரல். மிக அருகில்.

"எனக்கும் அதானுங்க போட்டீங்க."

திரும்பினேன். கடைசி வரிசையில் ஒரு கிழவி. பச்சை ஆஸ்பத்திரி அங்கி. புறங்கையில் பிளாஸ்திரி ஒட்டிய ஊசிக்குழாய். வார்டிலிருந்து எழுந்து வந்திருக்கிறது. ஒருத்தியும் கவனிக்கவில்லை. நம் நர்சுகளின் லட்சணம்!

"பேர் என்ன?"

"குஞ்சம்மாளுங்க."

"எந்த பெட்?"

"நாலுங்க."

நாலில் சடையன் அல்லவா...?

அவள் அடிவயிற்றை அழுத்திப் பிடித்தாள்.

"ஒண்ணுக்கு முட்டுச்சுங்க சாமி. அதுக்குத்தானுங்க கத்துனேன்..."

வாய் அசைந்தது.

மார்பு அசையவில்லை.

மூச்சே இல்லை...

ஓடினேன். மூன்று மாடி இறங்கி வார்டுக்கு. 2:46. தனப்பிரியா கையில் ஊசி. தட்டிவிட்டேன்.

சடையனின் அடிவயிறு கல் மாதிரி இருந்தது. டியூப் போட்டோம். ஒரு லிட்டருக்கு மேல் வந்தது.

"நல்லா இருப்பீங்க சாமி..." என்றார். கத்தல் நின்றது.

மேலே போய் விசாரித்தேன். யாரும் யாரையும் பார்க்கவில்லையாம். எப்படிப் பார்ப்பார்கள், அந்தக் கும்பகர்ணர்கள்!

மறுநாள் பழைய கேஸ் ஷீட்டுகளைத் தேடினேன். கிடைத்தது.

குஞ்சம்மாள், வயது 71, தம்மம்பட்டி. நாலாம் பெட். ஆறு வருடம் முன்பு... இரவு 11:20க்குத் தூக்க ஊசி. 12:05க்கு மூச்சு நின்றது.

எழுதிக் கொடுத்தது எந்த முட்டாள் என்று கையெழுத்தைப் பார்த்தேன்.

என்னுடையது.

எவ்வளவு யோசித்தும், அப்படி ஒருத்திக்கு வைத்தியம் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை...