கறிவேப்பிலைக்குத் தண்ணீர்

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கையில் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி என் பொறுப்பு. அதற்காக நான் குடம் சுமந்ததில்லை. அம்மா வேலைக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே நிறைந்து திரும்பி வரும், அதை ஊற்றிவிடுவேன். எங்கள் அம்மாவுக்குத் தாகமே எடுக்காது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்திருக்கிறேன்.

அம்மா தென்காசிக்கு வெளியே ஓர் ஏற்றுமதித் தையல் கம்பெனியில் வெளிநாட்டுக் குழந்தைகளுக்குக் கால்சட்டை தைத்தாள். அங்கே பெண்கள் கக்கூஸ் எந்நேரமும் பூட்டியிருக்கும். மதியம் ஒரு தடவைதான் திறப்பார்கள். இல்லையென்றால் தைக்கிற எண்ணிக்கை குறைந்துவிடுமாம். நீர்க்கடுப்பில் அம்மா சுருண்டு படுத்த நாட்கள் உண்டு.

பெண்கள் மனுப் போட்டார்கள். லேபர் ஆபீசர் அரசாங்க ஜீப்பில் வந்து கண்டித்தார், எழுதிக்கொண்டார், போனார். மறுநாள் பூட்டு பழையபடி தொங்கியது. ஆனாலும் அந்த ஜீப்பின் அழகில் மயங்கி, பெரியவளானால் லேபர் ஆபீசர்தான் ஆவது என்று நான் தீர்மானித்திருந்தேன். கம்பெனிக்காரர்கள் பயந்தது பையருக்கு மட்டும்தான். பையர் என்றால் கால்சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுக் கடைக்காரர். அவர் முகம் சுளித்தால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் பறந்துவிடும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, குற்றால சீசனில் வேன் ஓட்டுவார். ஒரு சனிக்கிழமை அருவியில் குளித்த வெள்ளைக்காரத் தம்பதியை ரயிலடிக்கு ஏற்றிவந்தார். முன் சீட்டில் நான். பாதி வழியில் அந்த அம்மாள் தவித்துப்போய், "டாய்லெட், டாய்லெட்" என்றாள். மாமா பெட்ரோல் பங்கைத் தாண்டிப் போய் நேரே கம்பெனி வாசலில் வேனை நிறுத்தினார்.

வாட்ச்மேன் கேட்டை விரியத் திறந்தார். மேனேஜர் செருப்புகூட மாட்டாமல் ஓடிவந்தார்.

"ஏலே, யாருலே இவிய? பையரா? சொல்லாம கொள்ளாம வந்திருக்காவளே!"

"எனக்கென்ன அண்ணாச்சி தெரியும்? நான் வேன் ஓட்டுதவன். அந்தம்மா முதல்ல கக்கூஸத்தான் பாக்கணும்ங்காவ" என்றார் மாமா, பச்சைப்பிள்ளை முகத்தோடு.

சாவிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். மேனேஜர் ஸ்பானரால் தானே அடித்துப் பூட்டை உடைத்தார். அம்மா மெஷின்மேல் குனிந்து, சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள். வெள்ளைக்கார அம்மாள் நிம்மதியாக வெளியே வந்து, தையல் பெண்களோடு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அந்தப் போட்டோ யார் கையில் போய்ச் சேருமோ என்ற பயத்தில் பூட்டு திரும்ப வரவேயில்லை. சோப்புகூட வைத்தார்கள்.

நாட்டின் சட்டம் அசைக்காத பூட்டை, அவசரத்துக்கு ஒதுங்க வந்தவள் திறந்துவிட்டுப் போனாள். நானும் லேபர் ஆபீசர் ஆசையைக் கைவிட்டு, பெரியவளானதும் வெள்ளைக்காரி ஆகிவிடுவதென்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை அம்மாவின் பாட்டில் காலியாக வந்தது. செவ்வாயும் காலி.

"ஏம்மா, எல்லாத்தையும் நீயே குடிச்சா செடிக்கு?" என்று சண்டைக்கு நின்றேன்.

"ஏட்டி, இனிமே குடத்துல மோந்து ஊத்து" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவளுக்குச் செடிமேல் இருந்த பாசமெல்லாம் போய்விட்டது என்று நினைத்து, இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.