கடைசி நிறுத்தத்தில் ஒரு சுற்று

புருல்சா அக்கா தான் ஓட்டும் டிராலிபஸ்ஸின் பின்பக்கம் தொங்கும் கயிறுகளை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்புகிறார். கம்பளிக் கையுறை போட்ட கை, பால்மாட்டின் முதுகைத் தட்டுவதுபோல ஒவ்வொரு டயரையும் தட்டிக்கொண்டே போகிறது. முன்கண்ணாடிக்கு வந்ததும் நிற்கிறார். இன்னொரு சுற்று போகலாமா, இது போதுமா? அதைக் கடிகாரத்திடம் கேட்பதில்லை, தன் வலது முட்டியிடம் கேட்பார். "என்னடி சொல்ற?" முட்டி ஒத்துக்கொண்டால் இன்னொரு சுற்று. ரொம்ப உற்சாகமாக இருந்தால் நிறுத்தத்துக்கு அப்பால் உள்ள முசுக்கொட்டை மரம்வரை நடந்து திரும்புவார். மழை வந்தால் காலி வண்டிக்குள்ளேயே இருக்கை வரிசைகளுக்கு நடுவே நடை. எதுவுமே முடியாத நாளில் முன்சக்கரத்தின்மேல் கையை வைத்து, "இன்னிக்கு இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள்வார். அந்த நாளையும் அவர் நடந்த நாளாகத்தான் சேர்த்துக்கொள்வார்.

ஓஷ் நகரத்தில் இந்த வண்டியில்தான் நான் தினமும் தபால் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறேன். புருல்சா அக்கா குடியிருப்பதும் எங்கள் கட்டடத்திலேயே, எனக்குக் கீழ்மாடியில். பருத்த உடம்பு, பூப்போட்ட தலைத்துணி, சிரித்தால் தெரியும் இரண்டு தங்கப் பற்கள். மேலே மின்கம்பியைப் பிடித்திருக்கும் தடி கழன்று வண்டி நடுச்சாலையில் நின்றுபோனால், பின்னால் வரும் கார்க்காரர்கள் எல்லாரும் ஹாரன் அடிப்பார்கள். அக்கா ஆடி அசைந்து இறங்கி, கயிற்றை இழுத்துத் தடியைக் கம்பியில் பொருத்திவிட்டு, கார்க்காரர்களுக்கு மாமியார் வீட்டு விருந்தாளிகளுக்குச் செய்வதுபோல நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்துவிட்டு ஏறுவார்.

அவர் முன்பு இப்படி இருந்தவர் அல்ல. போன வருடக் கோடையில், ஓட்டுநர்களுக்கான மருத்துவப் பரிசோதனையில், அவருடைய இரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, வசந்தத்துக்குள் அது இறங்காவிட்டால் வண்டி ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட முடியாது என்று மெதுவாகத்தான் சொன்னார். அக்கா கெஞ்சிப் பார்த்தார், கோபப்பட்டும் பார்த்தார். அதற்கு டாக்டரம்மா சொன்ன பதிலை அக்காவே எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"நீங்க ஓட்டுற வண்டியிலதாங்க எங்க அம்மா சந்தைக்குப் போறாங்க."

ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை அக்காவுடையது. வண்டி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி அவர் வீட்டு சோபாவிலேயே இருந்தது. கணவர் எர்கெஷ், பாமிர் சாலையில் லாரி ஓட்டியவர். லாரியை விற்றபிறகு வெள்ளிக்கிழமைத் தொழுகையைத் தவிர வேறெதற்கும் வெளியே போவதில்லை. தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டு, தோற்றவனைத் திட்டிக்கொண்டு கிடப்பார்.

பயந்துபோன அக்கா ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினார். விடியுமுன் எழுந்து சுலைமான் மலை ஏறினார். தேநீரில் ஊர் வழக்கப்படி போடும் உப்பும் வெண்ணெயும் இல்லை. பொரித்தது இல்லை. பையில் எப்போதும் வைத்திருக்கும் உப்புத் தயிர் உருண்டைகளை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். அந்த நாட்களில் அவர் வண்டியில் ஏறவே பயமாக இருக்கும். சில்லறை கேட்டவர்களிடம்கூடச் சீறினார். பிறகு அண்ணன் மகன் கல்யாணம் வந்தது. புலாவ் தட்டு முன்னால் வந்தது. ஒரு பிடி, இன்னொரு பிடி. எல்லாம் கெட்டதுதானே என்று தட்டையே காலி செய்தார். மறுநாள் மலையும் இல்லை, மாத்திரையும் இல்லை. இலையுதிர் காலம் முழுவதும் அப்படியே போனது.

மாத்திரை வாங்கக்கூட வராத ஆளைத் தேடி டாக்டரம்மாவே ஒருநாள் வண்டியில் ஏறினார். திட்டவில்லையாம். "இப்ப தினமும் எப்படியும் செய்யிற வேலை எது?" என்று கேட்டாராம். கடைசி நிறுத்தத்தில் இறங்கி டயர் பார்ப்பேன், ஒரு பக்கம் மட்டும், என்றார் அக்கா. மறுபக்கத்தையும் பாருங்களேன் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா சந்தையில் இறங்கிப் போய்விட்டார்.

அங்கிருந்து தொடங்கியதுதான். மாத்திரை காலை ரொட்டியின் முதல் துண்டோடு சேர்ந்துகொண்டது. ரொட்டியை மறக்கிறவர் யாரும் எங்கள் ஊரில் இல்லை. தயிர் உருண்டை மறுபடி பைக்கு வந்தது, ஆனால் ஒன்றே ஒன்று, அதை ஊர் முழுக்கச் சுற்றி முடிக்கும்வரை கன்னத்தில் அடக்கிக்கொள்வார். புலாவ் வியாழக்கிழமைகளில் உண்டு. சந்தை சிக்னலில் சிவப்பு விழுந்தால் தோள்களைக் காதுவரை தூக்கிப் பொத்தென்று விடுவார். முன் இருக்கைப் பள்ளிப் பிள்ளைகள் முதலில் கேலியாகச் செய்தார்கள், பிறகு பழக்கமாகிவிட்டது. ஒருநாள் கூடைகளோடு ஏறிய கேரட் வியாபாரிகள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். வெளியே நின்ற போக்குவரத்துக் காவலர் எங்களைப் பார்த்துக் குழம்பி, தன் தோளையும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

கேலிக்குக் குறைவில்லை. கண்டக்டர் அதாம்ஜான் ஒல்லியான உஸ்பெக்காரர், வாய்நீளம். "அக்கா வண்டியைப் பொண்ணு பாக்குறாங்க, சுத்திச் சுத்திப் பாக்குறாங்க, முடிவு சொல்ல மாட்டேங்குறாங்க" என்று பயணிகளிடம் அறிவிப்பார். வீட்டில் எர்கெஷ் சோபாவிலிருந்து தலையைத் தூக்காமலே, வண்டியைச் சுற்றினால் வண்டிக்குத்தான் ஆரோக்கியம் என்றார். நீங்களும் வாங்க என்று அக்கா ஒருநாளும் அவரைக் கூப்பிட்டதில்லை. ஏன் என்று நான் கேட்டேன். "நம்மளைக் கூப்பிட்டா நாம போயிருப்பமா?" என்றார்.

பனிக்காலத்தின் நடுவில் அலாய் மலைப்பக்கம் இருக்கும் தங்கை வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். மாடு கறந்து, அடுப்பு மூட்டி, தங்கையைத் தூக்கி உட்காரவைத்து, அவர்கள் வீட்டு உப்புக்கறியும் வெண்ணெயும் தின்று, திரும்பி வந்தபோது கன்னங்கள் சிவந்து உப்பியிருந்தன. பையிலிருந்த மாத்திரைகூடப் பாதிநாள் ஞாபகம் வரவில்லை என்று ஒத்துக்கொண்டார். வந்த அன்றைக்குக் கடைசி நிறுத்தத்தில் அவர் ஓட்டுநர் இருக்கையைவிட்டு இறங்கவில்லை. அதாம்ஜான் கேலி செய்யவில்லை. அவருக்கும் கவலைதான்.

"என்னக்கா, விட்டாச்சா?" என்று கேட்டார்.

அக்கா கதவைத் திறந்தார்.

"அது பூனை மாதிரிப்பா. ரெண்டு நாள் காணோம்னா செத்துப்போச்சுன்னு ஒப்பாரி வைப்பாங்களா? கிண்ணத்துல பாலை ஊத்தி வச்சா வந்துடும்."

பாதி வண்டிதான் நடந்தார். மீதிப் பாதி நாளைக்கு என்று ஏறிக்கொண்டார். மறுநாள் முழுச் சுற்று. அதாம்ஜான் டிக்கெட் பையைத் தோளில் மாட்டியபடி பின்னாலேயே போனார். துணைக்கு இல்லையாம், குளிருக்காம்.

வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் கழிந்த வாரம் பரிசோதனை. பயத்தில் முதல் தடவை அளந்தபோது முள் மேலே ஏறிவிட்டது. டாக்டரம்மா கருவியை ஓரமாக வைத்துவிட்டு அவரைச் சும்மா உட்காரச் சொன்னார். தங்கையின் காலைப் பற்றி, மாட்டைப் பற்றி விசாரித்தார். மறுபடி அளந்தார். இறங்கியிருந்தது. மாத்திரையை நிறுத்தக்கூடாது, இலையுதிர் காலத்தில் மறுபடி வரவேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வாசலில் என்னோடு காத்திருந்த அதாம்ஜான் அதைக் கேட்டதும் கறி வைத்துச் சுட்ட சம்சா நாலு வாங்கி வந்தார். அக்கா ஒன்றை நிதானமாக, ஓரத்து மொறுமொறுப்போடு ரசித்துத் தின்றார். இன்னொன்றை என்னிடம் தள்ளினார்.

சில நாட்கள் கழித்து ஒரு மாலை. கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றது. நானும் வீட்டுக்குப் போகாமல் காற்று வாங்க அதுவரை வந்திருந்தேன். அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த ஃப்ளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார். மூடியைச் சுற்றும் சத்தம் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன்.

சாலையோரமாக எர்கெஷ் வந்துகொண்டிருந்தார். வெள்ளைக் கம்பளித் தொப்பி, நன்றாக மெருகேற்றிய பூட்ஸ், முகமெல்லாம் வியர்வை. வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் நடந்தே வந்திருக்கிறார். கையில் ஒரு ஃப்ளாஸ்க். சமையலறையில் இருக்கும் பழையது. ஓட்டுநர் கதவருகே வந்து மூச்சு வாங்க நின்றார். எங்களைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்தார்.

"டீயை மறந்து வச்சிட்டு வந்துட்ட" என்றார்.

அக்கா மடியிலிருந்த ஃப்ளாஸ்க்கை ஓசைப்படாமல் இறக்கி, குதிகாலால் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார்.