சாமி இல்லாத கோயில்கள்

நான் பாதி இந்தியாவைச் சுற்றியவன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவனுக்கு ஊர் சுற்ற ஏது நேரம் என்பார்கள். எங்கள் முதலாளி சாயபு வாங்கும் பச்சைத் தோலில் கொஞ்சம் வடக்கே இருந்து வரும். அனுப்புகிறவன் நல்லதை மேலேயும் ஓட்டையை அடியிலேயும் அடுக்கிவிடுவான். தடவிப் பார்த்தே சொத்தையைச் சொல்லக்கூடியவன் ஒருவன் நேரில் போக வேண்டியிருந்தது. அப்படித்தான் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நான் ரயிலேற ஆரம்பித்தேன். மூட்டையில் ஒரு கம்பளி, ஒரு மாற்று வேட்டி, கொஞ்சம் அவல்.

போகிற வழியில் கோயிலோ பழைய கட்டடமோ இருந்தால் விடமாட்டேன், இறங்கிப் பார்ப்பேன். எனக்குக் கல்லில் செய்த வேலை என்றால் பைத்தியம். சீக்கிரமே ஒன்று பிடிபட்டது. பூசை நடக்கிற கோயில் என்றால் நான் வெளியே. பாழடைந்த கோயில் என்றால் உள்ளே. நான் சேரிக்காரன், அதனால் அப்படி. மாமல்லபுரத்தில் மழைக்கு ஒதுங்கி, சாமி இருந்திருக்க வேண்டிய இடத்திலேயே உட்கார்ந்து அவல் தின்றிருக்கிறேன். ஹம்பியில் ஒரு கருவறைக்குள் பூட்ஸ் காலோடு நின்று ஒரு வெள்ளைக்காரர் படம் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி எழுதினார். எல்லோராவில் ஒரு முழு மலையையே குடைந்து கோயிலாக்கி வைத்திருக்கிறார்கள். மூலை முடுக்கெல்லாம் நுழைந்து வந்தேன், இன்ன சாதி என்று ஒருவன் கேட்கவில்லை. சாமி போன பிறகுதான் எங்களுக்குக் கதவைத் திறக்கிறார்கள்.

திருவண்ணாமலை எங்களுக்குப் பக்கம். அங்கே தெருமுனையில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டதோடு சரி. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பார்கள். உள்ளே போகிறவன் எவனோதான் அந்தப் பழமொழியை எங்களுக்கென்று செய்து கொடுத்திருக்க வேண்டும்.

எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதவள் என் மனைவி. தோலுக்குப் போடுகிற ஆவாரம்பட்டையை இடிக்கிற கொட்டகையில் வேலை செய்து செய்து அவளுக்கு நெஞ்சில் தூசு அடைத்துக்கொண்டது. இருமினால் நிற்காது. ஆஸ்பத்திரியிலும் கையை விரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் மருந்து கேட்கவில்லை, ஒரு அர்ச்சனை கேட்டாள்.

"சாமி கிட்ட நின்னு என் பேரச் சொல்லணும். குங்குமமோ துந்நூறோ பூசாரி கையால வரணும். கடைல வாங்கினு வந்து ஏமாத்தாத" என்றாள்.

அவளுக்கு உடம்பு சுகமாக வேண்டும் என்றுகூட இல்லை. தன் பேர் ஒரு தடவை சாமி காதில் விழவேண்டும், அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் சாயபு என்னைக் கான்பூருக்கு அனுப்பினார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவ்ளோ தூரம் போற, காசியும் பாத்துட்டு வாப்பா. ரெண்டு நாள் ஜாஸ்தி ஆனா இன்னா? வூட்ல கேக்கறாங்கல்ல?" என்றார் அவர்.

காசியில் யார் வேண்டுமானாலும் தன் கையாலேயே லிங்கத்துக்குத் தண்ணீர் விடலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த ஊரில் என்னைத் தெரிந்தவன் யார்? அதோடு எனக்கு ஒரு பலம் இருந்தது. சாயபு வீட்டு உருதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். தமிழ் யாத்திரீகர்கள் அங்கே ஊமைகளைப் போலக் கையைக் காட்டிக்கொண்டு நிற்க, நான் படித்துறைப் புரோகிதரான பண்டாவிடம் சரளமாகப் பேசினேன். 'வாருங்கள், வாருங்கள்' என்று அவரே வழி காட்டினார். எனக்குக் கர்வம்கூட வந்துவிட்டது.

கங்கையில் முழுகி, சொம்பில் தண்ணீரும் வில்வமும் எடுத்துக்கொண்டு அந்தக் குறுகலான சந்தில் கூட்டத்தோடு நின்றேன். வாசல் தெரிந்தது. உள்ளே மணி அடித்தது. மறந்துவிடுமோ என்ற பயத்தில் மனைவியின் பேரையும் நட்சத்திரத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே நகர்ந்தேன். நான் பிறந்த நாளிலிருந்து அவ்வளவு கிட்டே போனதில்லை.

முன்னால் நின்றவர் திரும்பினார். வயசானவர், நெற்றி நிறைய விபூதி.

"அட, தமிழா! நம்ம பக்கமா? எனக்கு வேலூரு. மளிகைக் கடை வெச்சிருக்கேன். உங்களுக்கு?"

ஊர்ப் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது! எனக்கு மனசு அப்படியே குளிர்ந்துவிட்டது.

"ஆம்பூருங்க" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு சொம்பைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். ஆவாரம்பட்டைச் சாயம் நகக்கண்ணில் ஏறினால் சாகும் வரை போகாது. காசிக்காரனுக்கு அது அழுக்கு. வேலூர்க்காரருக்கு அதுவே மேல்விலாசம்.

"தோல் ஷாப்பா?" என்றார். குரலில் அந்த 'உங்களுக்கு' இல்லை.

 அவருக்கு இந்துஸ்தானியில் பத்து வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். வேண்டிய ஒரு வார்த்தை, தோல் வேலைச் சாதிக்கு அந்தப் பக்கத்தில் சொல்கிற பேர், தெரிந்திருந்தது. "சமார், சமார்" என்று முன்னால் பார்த்துக் கத்தினார். யாரோ என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார்கள். சொம்பு விழுந்து தண்ணீர் கல்லில் ஓடியது. உருது என்னை வாசல் வரை கொண்டுபோய் விட்டது, தமிழ் காட்டிக் கொடுத்தது. 

என்னைத் தொட்டவர்களெல்லாம் மறுபடி முழுகக் கங்கைக்கு ஓடினார்கள், அந்த வேலூர்க்காரரும்தான். நானும் அதே கங்கையில், அதே படித்துறையில் முழுகிவிட்டுத்தான் வந்திருந்தேன். பாவத்தை எல்லாம் கழுவுகிற தண்ணீருக்கு என்னைக் கழுவத் தெரியவில்லை போலிருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எனக்குப் பூசாரியே தேவைப்படவில்லை, மளிகைக் கடைக்காரர் போதுமாயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். "உள்ள போனியா?" என்றாள். இல்லை என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இருமல் கொஞ்சம் கம்மியாக இருந்த ஒரு நாள் அவளை ரயிலேற்றி வேலூருக்குக் கூட்டிப் போனேன். கோட்டைக்குள் இருக்கிற கோயிலில் சாமி கிடையாது. சண்டை நடந்த காலத்திலேயே எடுத்துப் போய்விட்டார்களாம். அதனால் யார் வேண்டுமானாலும் போகலாம். ஜட்கா வண்டியிலிருந்து இறக்கிக் கைத்தாங்கலாக நடத்தினேன். கல்யாண மண்டபத்துத் தூண்களைக் காட்டினேன். நான் ரசித்ததை அவளும் ரசிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒரு யாளியைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் நேரே கருவறைக்குப் போனாள். உள்ளே வௌவால் நாற்றம். தரையில் வெறும் கல்.

"சாமி எங்க?"

"எப்பவோ எடுத்துனு போய்ட்டாங்க."

"நாம வர்றோம்னு தெரிஞ்சு போச்சா?" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

முந்தானை முடிச்சிலிருந்து கற்பூரம் எடுத்து அந்தக் கல்லின் மேல் வைத்தாள். நான் கொளுத்தினேன். பூசாரி இல்லாவிட்டால் என்ன, நானே சொல்கிறேன் என்று அவள் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காவல்காரன் ஓடிவந்தான்.

"யோவ், இன்னா பண்ற? சூடமெல்லாம் கொளுத்தக் கூடாது. இது கோயில் இல்ல, சர்க்கார் கட்டடம். பாத்தியா, போய்ட்டே இரு!"

செருப்புக் காலால் கற்பூரத்தை மிதித்து அணைத்தான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இத கேக்கவா அவ்ளோ தூரம் காசிக்குப் போன? இங்கியே சொல்றாங்களே" என்றாள்.

ஆடி பிறப்பதற்குள் போய்விட்டாள். கோயில்களை எங்களுக்கும் திறந்துவிடப் போகிறார்கள் என்று இப்போது ஒரே பேச்சு. சேரி வாலிபர்கள் வந்து, முதல் ஆளாக நீங்கள்தான் நுழைய வேண்டும் என்கிறார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். உள்ளே போனால் யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்பார்கள். அந்தப் பேர்க்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள்.