முந்தானையில் முடிந்த நன்மை

யுத்தம் வந்ததும் கொழும்பிலிருந்து என் வீட்டுக்காரரின் கடிதம் நின்றுபோனது. அந்த ஐப்பசியில் எங்கள் மூன்று வயது மகனுக்குக் காய்ச்சல் கண்டது. மாப்பிள்ளையூரணியில் நான் நேராத சாமி இல்லை, அவனுக்குப் பூசாத திருநீறு இல்லை. ஒன்பதாம் நாள் அவனைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, தூத்துக்குடி மாதா கோயிலுக்கு நடந்தேன். ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்களே.

காலைப் பூசை புரியாத பாஷையில் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் முக்காடிட்டு, பீடத்தின் முன்னிருந்த கிராதியருகே முழந்தாளிட்டார்கள். நானும் அப்படியே செய்தேன். சாமியார் என் நாவில் வெள்ளையாய், மெல்லிய அப்பம் ஒன்றை வைத்தார். பிரசாதம் என்றே நினைத்தேன். நோயாளிப் பிள்ளைக்குக் கொண்டுபோகாமல் பிரசாதத்தைத் தானே தின்கிற தாயும் உண்டா? வாயிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வாசலில் உபதேசியார் மறித்தார். "ஏளா, சேசுவோட திருவுடம்பு அது, நன்மையையா முடிஞ்சிருக்க? வேதத்துல சேராதவ அதத் தொடலாமா?" என்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது.

"எம்புள்ள சாவக் கெடக்கான். தரமாட்டேன்" என்று முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டேன். அடித்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

சத்தம் கேட்டுச் சாமியார் வந்தார். "குடும்மா. நானே உங்கூட வீட்டுக்கு வாரேன்" என்றார். அவிழ்த்துக் கொடுத்தேன். என் எச்சிலில் ஊறிக் கசங்கிக் கிடந்ததை அவர் தம் வாயில் போட்டுக்கொண்டார். பெற்ற தகப்பன்கூட நான் வாய்வைத்த செம்பில் தண்ணீர் குடித்ததில்லை.

வெயிலில் வீடுவரை நடந்து வந்தார். என் சம்மதம் கேட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். விளக்கு வைக்கும் முன்பே அவன் போய்விட்டான்.

"பொழைக்க வைக்காத ஒங்க சாமி எதுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா" என்றவர், என்னோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பதிலுக்காக அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் என் எச்சிலை அருவருக்காத இடத்தை விட்டால் எனக்குப் போக்கிடம் வேறு இல்லை.

இரண்டு வருடம் கழித்து நானும் ஞானஸ்நானம் பெற்றேன். அதே கிராதியருகே முழந்தாளிட்டேன். அதே சாமியார்தான் நாவில் நன்மையை வைத்தார். விழுங்க முடியவில்லை. கை தானாக முந்தானை நுனியைத் தேடியது. சாமியார் பார்த்துவிட்டார். அடுத்தவளிடம் நகராமல் அங்கேயே நின்றார்.

கொண்டுபோய்க் கொடுக்க வீட்டில் யாருமில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விழுங்கினேன்.